வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு டம்ளர்

பகல் கம்பவுண்டரிடம் நோயாளிகள் வருவார்கள்; இரவுக் கம்பவுண்டரிடம் நோயாளியின் சொந்தக்காரர்கள் வருவார்கள். அதிலும் பிரசவ ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். வலியெடுத்தவள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் வைத்தியம் தெரியும். இரவு வேலை பார்க்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்தது மாமல்லபுரத்துக்குள் பஸ் நுழைவதற்கு ஒரு பர்லாங் முன்னால், பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில். லேடி டாக்டர் காலையில் செங்கல்பட்டிலிருந்து காரில் வருவார். விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் திரும்பிவிடுவார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி இரண்டு பேர் கையில். ஒருவர் நர்ஸ் ஜைத்தூன் பீ. வயிற்றில் கை வைத்தே பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அதே கையால் பெஞ்சில் இருக்கும் எட்டுப் பேரையும் வாசலுக்குத் தள்ளிவிடுவார். இன்னொருவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன். மருந்துப் புட்டிகளின் லேபிளை அகராதி வைத்துப் படித்தே இங்கிலீஷ் கற்றவன். மனைவி போய்ச் சேர்ந்த வருஷம் தூக்கமும் கூடவே போய்விட்டது. வீட்டில் விழித்துக் கிடப்பதற்கு ஆஸ்பத்திரியில் விழித்துக் கிடக்கலாமே என்று நானாகவே இரவு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. ரொம்ப வருஷமாக மூடிக் கிடந்த கள்ளுக்கடை, சாராயக்கடைகளை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அதுவரை ஒளித்து வைத்துக் குடித்த ‘மருந்தை’ எல்லாம் ஜனங்கள் தைரியமாகக் குடிக்க ஆரம்பித்த சமயம்.

நடுக்கம் யாருக்கு?

திருக்கழுக்குன்றம் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர், மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததைப் பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்த்தார், கண் கலங்கினார், மடியிலிருந்து ஒரு சின்ன பிராந்தி பாட்டிலை எடுத்தார். சளி கட்டாமல் இருக்க அரை ஸ்பூன் கொடுக்க வேண்டுமாம்; அவர் வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததாம். ஜைத்தூன் பீ பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். “பொறந்து ரெண்டு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள பிராந்தியா? இன்னாய்யா, தொட்டுக்க நாஸ்தா எதுனா வாங்கியாந்தியா?” என்று ஆரம்பித்தவர், பனி இறங்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. வார்டில் விழித்திருந்த தாய்மார்கள் எல்லாம் போர்வைக்குள் சிரித்தார்கள்.

விடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பெரியவர் மெதுவாக வந்து நர்ஸ் முன்னால் கையை நீட்டினார். அந்தக் கை உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது. “புள்ளைக்கு வேணாம்னா வேணாம்மா. ராத்திரி பூரா உங்ககிட்ட பேச்சு வாங்கினதுல எனக்கே நடுங்குது, அத இப்டிக் குடுங்க.”

பசி டானிக்

பெரியவரைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் என் அலமாரியில் இருந்தது மட்டும் என்ன? கருஞ்சிவப்பாக ஒரு டானிக். கர்ப்பிணிகளுக்குப் பசியெடுக்க, வேளைக்கு இரண்டு பெரிய ஸ்பூன். நானே அளந்து ஊற்றி, நானே தக்கை அடைத்து, வருஷக்கணக்காகக் கொடுத்திருக்கிறேன். லேபிளின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும். அதில் இத்தனை பங்கு சாராயம் என்று கம்பெனிக்காரனே நாணயமாகப் போட்டிருந்தான். லேபிள் படித்தே இங்கிலீஷ் கற்றவன் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த வரியை நான் படித்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

தபால்காரர் மனைவி ஒருத்தி. ஏழாம் மாதம். ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாட்டிலை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு வந்து நின்றாள். பசி நன்றாக எடுக்கிறதா என்று கேட்டேன். பசியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. “அதெல்லாம் தெரியலீங்க. இத்தக் குடிக்க ஆரம்பிச்சதுலேருந்து என் மாமியா ரொம்ப நல்லவங்களாத் தெரியறாங்க, இன்னொரு பாட்லு குடுங்க.”

பதினாலு மாசம்

சாராயக்கடை ராத்திரி மூடிய பிறகு அந்த டானிக்குக்கு ஆண்களிடமும் கிராக்கி உண்டு. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வாரா வாரம் வருவார். சம்சாரம் முழுகாமல் இருக்கிறாள், பசியே இல்லை, ஒரு பாட்டில் வேண்டும். நானும் பரிதாபப்பட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஜைத்தூன் பீ என் நோட்டைப் புரட்டியவர், விரல் விட்டு எண்ணினார். பிறகு பாட்டிலுக்கு வந்த சைக்கிள் கடைக்காரரை நிற்க வைத்து, அவர் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பதினாலு மாசம் ஆவுதுய்யா. உன் சம்சாரத்த வுடு, நீ வந்து கட்டில்ல படு, நான் கை வெச்சிப் பாக்கறேன்.”

கேட்ட பேச்சு

இனி கன்னியப்பன் குடும்பம். கன்னியப்பன் மாமல்லபுரத்தில் கல் கொத்துகிறவன். சாமி சிலைகள் பக்கமே போகமாட்டான். அம்மி, ஆட்டுக்கல், உரல் இதுதான் அவன் வேலை. ஒரு நாள் நான் டூட்டிக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம், மூன்று மாதக் கர்ப்பமான மனைவி வள்ளியம்மாவை டாக்டரிடம் காட்ட அழைத்து வந்தான். கூடவே ஆறு வயசு மகன் ஏழுமலை. பார்த்தால் நாலு வயசுதான் சொல்லலாம். சின்னக் கண். மேலுதடு கோடு போட்டாற்போல மெல்லிசு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் நமக்கெல்லாம் இருக்கிற பள்ளம் அவனுக்கு இல்லை, வழவழவென்று இருந்தது. அதையெல்லாம் பார்த்தேனே தவிர, அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கையைக் கவனிப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை. பத்து நிமிஷத்துக்குள் பிள்ளைத் தராசில் ஏறி உட்கார்ந்தான். மெயின் சுவிட்சை இறக்கி ஆஸ்பத்திரியை இருட்டாக்கினான். முன்பின் தெரியாத ஒரு பிரசவக்காரியின் கட்டிலில் ஏறி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

சுவிட்சைத் தொடக் கூடாது என்றேன். என் முகத்தையே பார்த்து, “தொடக் கூடாது, ஷாக் அடிக்கும்” என்று ஒழுங்காகத் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு நேராகப் போய் மறுபடி இறக்கினான். கன்னியப்பன் கையை ஓங்கினான். “ஸ்கூலுல வாத்தியாரு அட்சி அட்சி கை நோவுதுன்னு அனுப்சிட்டாரு அண்ணாத்த. நானும் அடிக்கிறேன். ரெண்டு நாளு கூட தாங்காது. எல்லாம் திமிரு.” ஜைத்தூன் பீ ஸ்டூலில் ஏறி சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கினார். “திமிரு இல்லப்பா. சொன்ன பேச்சக் கேக்கத்தான் செய்றான், கேட்டதுதான் உள்ள தங்க மாட்டேங்குது.”

படத்தில் இருந்த முகம்

டாக்டரின் தம்பி வெளிநாட்டில் டாக்டர். படித்து முடித்த வைத்தியப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகக் கப்பலில் அனுப்புவார். அக்காவுக்குப் பிரிக்க நேரமிருக்காது. கட்டு என் மேஜைக்கு வந்துவிடும். அந்த மாதம் வந்த பத்திரிகை ஒன்றில், கர்ப்ப காலத்தில் குடித்த தாய்மார்களுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒரு படமும் போட்டிருந்தது. படத்தில் இருந்தது வெள்ளைக்காரக் குழந்தை. முகம் ஏழுமலையுடையது. அதே சின்னக் கண், அதே மேலுதடு, அதே வழவழப்பு. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். தாய் குடிப்பது தொப்புள் கொடி வழியாக நேராகப் பிள்ளைக்குப் போகிறது. அதை முறிக்கிற ஈரல் பிள்ளைக்கு இன்னும் தயாராகவில்லை. மூளையோ முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை உருவாகிக்கொண்டே இருக்கிறது. அப்போது கெட்டது பிறகு சரியாவதில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை நிலைகொள்ளாமல் ஓடும், கற்றதை மறக்கும், இதைச் செய்தால் இது நடக்கும் என்பது அதற்குப் பிடிபடாது.

காலையில் டாக்டர் வந்ததும் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். “எங்களுக்குக் காலேஜில இதைச் சொல்லித் தரவே இல்லை. மாசம் நிறையறதுக்கு முன்னாடி வலி வந்தா, நிறுத்தறதுக்கு ஆல்கஹாலையே ரத்தத்துல ஏத்தலாம்னுதான் சொல்லித் தந்தாங்க” என்றார். ஒரு படத்தை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, இப்படி ஆவதற்கு வேறு காரணங்களும் உண்டு, முதலில் வீட்டில் பக்குவமாக விசாரிக்க வேண்டும் என்றார். நானே போகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். பின்னாலேயே டாக்டரின் குரல் வந்தது. “போயிட்டு வாங்க. ஆனா கம்பவுண்டர், வழியில பாக்கற குழந்தைங்க மூக்குக்குக் கீழே எல்லாம் முறைச்சுப் பாத்துக்கிட்டே போகாதீங்க.”

குளிருக்கு

கல் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது கன்னியப்பன் வீடு. காலையில் போனபோது அவன் பட்டறைக்குப் போயிருந்தான்; திரும்புகிற சாயங்கால வேளையாகப் பார்த்து மறுபடி போனேன். வாசலில் பாதி கொத்திய ஆட்டுக்கல் ஒன்று. அதன் மேல் ஏழுமலை குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் விசாரிக்கவே அவசியம் ஏற்படவில்லை. கன்னியப்பன் அடுப்பிலிருந்து ஒரு டம்ளரை இறக்கி வள்ளியம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். சாராயத்தில் மிளகும் வெல்லமும் போட்டு இளஞ்சூடு. அவர்கள் குடும்பத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தினம் சாயங்காலம் ஒரு டம்ளர் உண்டாம். இடுப்பு வலுக்குமாம், குளிர் அண்டாதாம், பிள்ளை கல் மாதிரிப் பிறக்குமாம். முன்பு கள்ளாகக் கொடுப்பார்கள். அந்த வருஷம் கள்ளுக்கடையை மறுபடி மூடிவிட்டார்கள், அதனால் சாராயம். “ஏழுமலைக்கும் இதான். அப்போ கட ஏது? திருட்டுத்தனமாக் காச்சனது. ஒரு நாள் தவறாம குடுத்தேன்” என்றான் பெருமையாக. மனைவிக்கு ஒரு குறையும் வைக்காத புருஷன் அவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்டுக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். அவள் குடித்தால் பிள்ளையும் குடிக்கிறது. கட்டைவிரல் அளவு பிள்ளைக்கு அவளுடைய டம்ளர்தான் அதற்கும் டம்ளர். மூளை உருவாகிற சமயம் அது. “நீ குழி எடுக்கறப்போ உளி வழுக்கினா, அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் போகுமா?” என்றேன். போகாது என்று தலையாட்டினான். ரொம்ப நேரம் யோசித்தான். சரி, புரிந்துவிட்டது என்று நான் எழுந்திருக்கும்போது முகம் மலர்ந்து கேட்டான். “அப்போ உள்ள கீற புள்ளைக்கும் குளுராது, அதத்தான சொல்ற?”

கன்னியப்பன் விரதம்

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சாராயம் இந்த வீட்டுக்கு ஆகாது, விட்டுவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பத்தாம் நாள் கன்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டானாம்; பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொடுவதில்லையாம். ஆண் பிள்ளைகள் யாரையும் பாராட்டி அறியாத ஜைத்தூன் பீ அவனுக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதன் திருந்திவிட்டான் என்று நான் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஒரு மாதம் போயிற்று. வள்ளியம்மா பரிசோதனைக்கு வந்தாள். எடை ஏறவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. பக்கத்தில் போன ஜைத்தூன் பீ மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மிளகு வாசனை. கூடவே மற்ற வாசனையும். முன்பைவிட இரட்டிப்பாக. வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் நிஜமாகவே மனசு ஒடிந்துபோனான். “ஆம்பள குடிச்சா குடும்பம் அழியும்னுதான ஊரே சொல்லுது, அதான் நா உட்டேன். என் பங்கு வீணாப் போவக் கூடாதுன்னு அதயும் அவளுக்கே குடுத்துகினு வரேன், இதுல இன்னா தப்பு கண்ட நீ?”

வள்ளியம்மா கேட்டது

தப்பு என் பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவையும் நான் பேசியது கன்னியப்பனிடம். குடிக்கிறவள் அவள், சுமக்கிறவள் அவள்; அவள் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீர் குடிக்க வைத்து, தெளிந்த பிறகு, ஜைத்தூன் பீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வள்ளியம்மாவிடமே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “ஏழுமல இப்டி கீறது அதாலயாண்ணா?” என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவளிடம் பேசாமல் இருந்தேனோ என்னவோ. ஜைத்தூன் பீயைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். “இருக்கலாம்மா. டாக்டராலேயே நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா உனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, நானும் எத்தனையோ பேருக்கு பாட்டில் பாட்டிலாக் குடுத்திருக்கேன்” என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏழுமலை அப்போது தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். “அப்போ அவன் வேணும்னே செய்யல. இனிமே வாத்தியாரோ அவங்கப்பனோ, எவனாவது எம்புள்ள மேல கைய வெச்சிப் பாக்கட்டும்.”

கொட்டிய காபி

அன்றோடு வள்ளியம்மா டம்ளரை நிறுத்தினாள். ஆனால் பக்கத்து வீட்டில் கன்னியப்பனின் அக்கா அஞ்சலை இருந்தாள். ஊரில் இல்லாத கதையைக் கம்பவுண்டர் சொல்கிறான் என்று, தினம் விளக்கு வைத்ததும் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து தம்பி மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இதே சமயத்தில் ஏழுமலைக்கு டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். அடிக்கக் கூடாது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், தினமும் அதே நேரத்தில், அதே வார்த்தையில், மறந்துபோவான் என்று தெரிந்தே, புதுசாகச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். வள்ளியம்மா தேர்ந்தெடுத்த வேலை, “அம்மா பக்கத்துல டம்ளரு வந்தா, எடுத்துப் போய்க் கீழ ஊத்து. பாப்பாவுக்கு ஆவாது.” தினமும் சொன்னாள். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள். எத்தனையோ நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யார் டம்ளருக்கும் பாதுகாப்பு இல்லை. எது ஆகாது, எது ஆகும் என்று பிரித்துப் பார்க்கிற வேலையை யாரும் அவனுக்குச் சொல்லவில்லையே! அஞ்சலையின் சாராயம் போயிற்று. கூடவே மிளகு ரசம், பக்கத்து வீட்டு மோர், கன்னியப்பனின் டீ எல்லாம் போயிற்று. கன்னியப்பன் தண்ணீரைக்கூடக் குடத்தோடு தூக்கிக் குடித்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வள்ளியம்மாவின் வயிற்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, மேஜையில் ஆறிக்கொண்டிருந்த டாக்டரின் காபியை ஏழுமலை அமைதியாக எடுத்துப்போய் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, “பாப்பாவுக்கு ஆவாது” என்று காலி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். நான் பாய்ந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “விடுங்க கம்பவுண்டர். இந்த ஆஸ்பத்திரியில நான் சொன்னதைச் சொன்னபடி செஞ்ச முதல் ஆள் இவன்தான்.”

சர்க்கரைத் தண்ணி

சாராயக்கடைகளையும் மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம், வள்ளியம்மாவுக்கு ஒரு விடியற்காலையில் பெண் பிறந்தது. அழுத அழுகையில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எடையை ஜைத்தூன் பீ தெருவுக்கே கேட்கும்படி படித்தார். கன்னியப்பன் பாட்டரி லைட்டை அடித்துக்கொண்டு வந்து, நான் சொல்லியிருந்த அடையாளத்தைத் தேடி, பிள்ளையின் மூக்குக்குக் கீழே குனிந்து பார்த்தான். “குழி கீது அண்ணாத்த! சுத்தமா எடுத்த குழி!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். எனக்கு அந்த நிமிஷம் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மருந்து அறைக்குள் போய் ஒழுங்காக இருந்த புட்டிகளையே மறுபடி அடுக்கினேன். காலையில் டாக்டர் வந்து தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “முகம் நல்லா இருக்கு, தலையும் எடையும் நல்லா இருக்கு. முதல் மாசங்கள்ல குடிச்சது குடிச்சதுதான். மூளை எப்படின்னு இவ வளந்துதான் காட்டணும். ஆனா மீதி மாசம் முழுக்க அம்மா காப்பாத்தியிருக்கா” என்றார்.

அடுத்தது சர்க்கரைத் தண்ணி. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அஞ்சலை தயாராக ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஜைத்தூன் பீ வாங்கி மோந்து பார்த்துவிட்டு வாசலில் ஊற்றினார். “எங்க ஜனத்துலயும்தான் தேன் தொட்டு வெப்பாங்க. அதுல சரக்கு கலந்து நான் பாத்ததில்ல தாயி” என்று, வெந்நீரில் புதுசாகச் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்தார். யார் வைப்பது? கன்னியப்பன் என்னைக் காட்டினான். “கம்பவுண்டரு அண்ணாத்த வெக்கட்டும், புள்ள நல்லாப் படிக்கும்.” ஜைத்தூன் பீ கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “இவரா? வேணாம்பா. புள்ள ஆயுசுக்கும் தூங்காது, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு அகராதி பொரட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதில் முதல் ஆள் நான்தான்.

“ஏழுமல வெக்கட்டும்” என்றாள் வள்ளியம்மா, கட்டிலிலிருந்து. சிரிப்பு நின்றது. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சலை மட்டும், “இன்னாடி பேசற நீ? ஒண்ணு போதாதா? அவன் கொணம் வந்து இதுக்கும் ஒட்டிக்கினா இன்னா பண்ணுவ?” என்று பதறினாள். வள்ளியம்மா மகனைப் பக்கத்தில் இழுத்து, ஒரு சொட்டு மட்டும் என்று ஒரு தடவை சொன்னாள். ஜைத்தூன் பீ அவன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அவன் ஒரே ஒரு சொட்டு வைத்தான். தங்கச்சி நாக்கைச் சப்புக்கொட்டியதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக அஞ்சலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகுதான் வள்ளியம்மா நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள். “யாரப் பாத்தாலும் சிரிச்சிகினு கட்டிக்கிறான் பாரு, அதான் அவன் கொணம், அது வரட்டும். மத்ததெல்லாம் சாராயத்தோட கொணம், அத நாமதான் அவனுக்குக் குடுத்தோம்.”

பிரசவ ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் கண் விழித்ததில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: பிள்ளை பெறுகிறவர்களிடம் பேசி ஜெயிக்கவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது.